முதலில் நீங்கள்

செப்டம்பர் 14, ஞாயிறு. கொலோன், ஜெர்மனி

வருங்கால ஈரானின் அரசியல் சட்டத்துக்கு முதல் வரியை இன்றைய கூட்டத்தில் எழுதி முடிப்பதாக இருந்தோம். அரசு வேறு, மதம் வேறு என்பதில் எல்லோருக்கும் உடன்பாடு. வாக்கியத்தில் எது முன்னால் வருவது என்பதில்தான் தகராறு. மதம் என்று தொடங்கினால் இடதுசாரிகள் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பப் பார்க்கிறார்கள். அரசு என்று தொடங்கினால் மன்னராட்சிக்காரர்கள் அர்த்தத்தோடு புன்னகைக்கிறார்கள். முதல் வரி அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போயிற்று.

கடைசியில் டாக்டர் கொஸ்ரோ ஒரு செய்தி சொன்னார். பிரஸ்ஸல்ஸில் ஒரு நாடாளுமன்றக் குழு, நாட்டை விட்டு வந்த ஈரானியர்களான எங்கள் வலையமைப்பை அழைத்திருக்கிறதாம். ஒருவர் பேசலாம், ஏழு நிமிடம். டாக்டர்தான் எங்கள் தலைவர். பல் மருத்துவர் என்பதால் வாயைத் திறக்கச் சொல்லியே பழக்கம். மூடச் சொல்லத் தெரியாது. நல்ல செய்தியெல்லாம் கடைசியில் வருவது அதனால்தான்.

அந்த ஏழு நிமிடம் எனக்கு வேண்டும். புத்தகக் கடை வைத்திருந்த என் தம்பி பீஜன், ஷிராஸ் சிறையில் இருக்கிறான். வெளியுலகில் பெயர் சொல்லப்பட்டவர்கள் மேல் கை வைக்க உள்ளே கொஞ்சம் யோசிப்பார்கள் என்று அங்கே இருந்து வந்தவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். அவன் பெயரைச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

செப்டம்பர் 21

பிரஸ்ஸல்ஸில் பேசப்போவது யார் என்று தேர்தல் நடந்தது. டாக்டர் முதலில் என் பெயரை முன்மொழிந்தார். "ஐயோ, நான் யாரு? டாக்டர் இருக்கிற இடத்துல நான் பேசறதா?" என்றேன். இது முதல் மறுப்பு. மூன்று முறை மறுத்து, நான்காவது முறை தலையைக் குனிந்து ஒப்புக்கொள்வதுதான் எங்கள் ஊர் மரியாதை. மற்ற இரண்டு மறுப்புகளுக்கும் வாசகம் தயாராக வைத்திருந்தேன்.

"மறுத்துட்டாங்க. அடுத்து?" என்றாள் நிக்தா.

நிக்தா வழக்கறிஞர். எங்கள் விதிமுறைகளை எழுதியவள். ஜெர்மனியிலேயே பிறந்தவள், எங்கள் மொழியை எங்களைவிடச் சுத்தமாகப் பேசுவாள். அதில் பொய் சொல்ல மட்டும் கற்றுக்கொள்ளவில்லை. வரிசையாக ஒவ்வொருவரும் மறுத்தார்கள். டாக்டர், தான் எங்கள் காலடித் தூசி என்றார். அதையும் மறுப்பாகவே எழுதிக்கொண்டாள்.

மறுக்காமல் மிஞ்சியவர் ஒருவர்தான். ஜலதோஷம் என்று வீட்டிலேயே இருந்துவிட்ட இஞ்சினியர் அர்தஷீர், மன்னராட்சிக்காரர். ஏகமனதாகத் தேர்வானார். ஒரே வேட்பாளர், எல்லா ஓட்டும் அவருக்கே — இப்படியொரு தேர்தலிலிருந்து தப்பித்துத்தானே நாங்கள் இங்கே வந்தோம்?

கிளம்பும்போது, என்னை மரியாதைக்குச் சித்தி என்று கூப்பிடும் நிக்தாவைப் பிடித்துக்கொண்டேன். இன்னொரு தரம் கேட்டிருக்கக் கூடாதா?

"வேண்டாம்னு சொன்னீங்களே, சித்தி."

"சொன்னேன்."

"அப்ப வேணுமா?"

"அதை எப்படிடி வாயால சொல்றது?"

செப்டம்பர் 22

சரித்திரத்தை நகர்த்துவது எது என்று வகுப்பில் பிள்ளைகள் கேட்டபோதெல்லாம் பொருளாதாரம் என்று சொல்லியிருக்கிறேன். ஜலதோஷம்.

அக்டோபர் 2

அம்மா ஷிராஸிலிருந்து கூப்பிட்டாள். பீஜனைத் தனிக்கொட்டடிக்கு மாற்றிவிட்டார்களாம். கொண்டுபோன ஸ்வெட்டரை வாங்கவில்லையாம்.

அர்தஷீருக்குப் போன் செய்தேன். நேரடியாகக் கேட்டுவிடுவது என்றுதான். அவர் முந்திக்கொண்டார். "உண்மையில நீங்கதான் பேசணும், டீச்சரம்மா." நான் யோசிப்பதற்குள் என் வாய், "அதெப்படி, நீங்க இருக்கும்போது?" என்றது. அவர் மறுபடி வற்புறுத்தினார். நான் மறுபடி மறுத்தேன். மூன்றாவது தடவைக்காகக் காத்திருந்தேன். அவர் வானிலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

மனதாரத்தான் சொன்னாரா, உபசாரத்துக்கா? அவருக்கே தெரிந்திருக்காது. என் வாய் என் கட்சியில் இல்லை என்பது மட்டும் தெரிந்தது.

அக்டோபர் 9

அர்தஷீர் உரையை ஒத்திகை பார்த்தார். சைரஸ் மாமன்னரிலிருந்து தொடங்குகிறது. ஏழு நிமிடம் முடிந்தபோது சைரஸ் இன்னும் பாபிலோனை எட்டியிருக்கவில்லை. கைதிகள் கடைசிப் பக்கத்தில் வருகிறார்கள். சுருக்கச் சொன்னாள் நிக்தா. "ரெண்டாயிரத்து ஐந்நூறு வருஷத்துல எதைம்மா வெட்டறது?" என்று வருத்தமாகக் கேட்டார்.

பீஜன் பெயரைச் சேர்க்க முடியுமா என்றேன். "என் கண் மேல" என்றார், கட்டாயம் செய்கிறேன் என்று அர்த்தம். அதையும் எல்லோருக்கும் சொல்வோம்.

அக்டோபர் 16. பிரஸ்ஸல்ஸ்

அர்தஷீர், துணைக்கு நான், மொழிபெயர்க்க நிக்தா. கதவுக்குக் கதவு அவரும் நானும் முதலில் நீங்கள், முதலில் நீங்கள் என்று நின்றதில் மண்டபத்துக்குத் தாமதமாகப் போய்ச் சேர்ந்தோம்.

குழுத்தலைவி எங்களை அழைத்தார். அர்தஷீர் எழுந்து, கோட்டுப் பொத்தானைப் போட்டு, நெஞ்சில் கை வைத்து என் பக்கம் திரும்பினார். "முதல்ல டீச்சரம்மா." வெறும் மரியாதை. லிஃப்ட் வாசலில் முன்பின் தெரியாதவருக்கும் அவர் அதைச் செய்வார்.

நிக்தா அதை அப்படியே மொழிபெயர்த்தாள்.

தலைவி நன்றி சொல்லி ஒலிவாங்கியை என் பக்கம் தள்ளச் சொன்னார். சிவப்பு விளக்கு எரிந்தது. அர்தஷீர் புன்னகையோடு நின்றுகொண்டிருந்தார், என் மறுப்புக்காக. தொண்டை வரை வந்துவிட்டது. ஸ்வெட்டர் ஞாபகம் வந்தது.

"நன்றி," என்றேன். அடுத்த வாக்கியத்தில் பீஜன் பெயரைச் சொன்னேன். ஏழு நிமிடமும் சிறையில் இருப்பவர்களுக்கே போயிற்று. சைரஸுக்கு இடமில்லை.

திரும்பும் ரயிலில் அர்தஷீர் பிஸ்தாப் பொட்டலத்தை நீட்டினார். வேண்டாம் என்றேன். பொட்டலத்தை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டார்.

அக்டோபர் 26

வலையமைப்பு உடைந்துவிட்டது. நான் பிடுங்கிக்கொண்டேன் என்போர் ஒரு பக்கம், அவர் கொடுத்தார் என்போர் மறுபக்கம். மதச்சார்பின்மையில் இரு தரப்புக்கும் உடன்பாடுதான். அர்தஷீர் என் வணக்கத்துக்குப் பதில் சொல்வதில்லை. நிக்தா விதிமுறையில் ஒரு திருத்தம் எழுதியிருக்கிறாள்: மறுப்பு மூன்றாவது முறைதான் செல்லும். அதை முன்மொழிய ஆளில்லை. ஆளுக்காள் மற்றவரைக் கைகாட்டுகிறார்கள்.

நவம்பர் 5

பீஜனைப் பொதுக் கொட்டடிக்கு மாற்றிவிட்டார்கள். காரணம் சொல்லவில்லை, அவர்கள் எதற்கும் சொல்வதில்லை. இன்று வீட்டுக்குப் பேச அனுமதித்திருக்கிறார்கள். அம்மா அந்தப் போனை, என்னைக் கூப்பிட்ட இன்னொரு போனோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டாள். குரல் மெலிந்திருந்தது. நலமா என்றுகூடக் கேட்கவில்லை அவன்.

"ஒரு தடவைகூட மறுக்காம வாங்கிட்டியாமே, அக்கா? வீடியோவுல தெருவே பார்த்துச்சாம். அம்மாவால வெளியில தலைகாட்ட முடியலையாம்."

அவன் சிரித்தான், இருமிக்கொண்டே சிரித்தான். பக்கத்திலிருந்து அம்மா, "சிரிக்காதடா. அந்த மனுஷன் நம்ம குடும்பத்தைப் பத்தி என்ன நினைச்சிருப்பாரு, கேளு அவளை" என்றாள்.