போகிக்குத் தப்பிய அப்பாவுக்கு

என் அன்பு அப்பா,

அன்பு என்று எழுதியிருப்பதைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். அது பொய்யில்லை, ஆனால் இந்தக் கடிதத்தில் அது கொஞ்சமாகத்தான் வரும். மிச்சமெல்லாம் கோபம். உயிரோடு இருந்தபோதே சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சொல்ல எங்கே விட்டீர்கள்? நான் வாயைத் திறந்தாலே டிரான்சிஸ்டரில் செய்தியைச் சத்தமாக வைத்துவிடுவீர்களே.

முதலில் வீட்டு விஷயம். அம்மா நன்றாக இருக்கிறாள், கால் வீக்கம் குறைந்துவிட்டது. தம்பி சேகர் கூடத்தில் டிவி வாங்கி வைத்திருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஸ்ரீரங்கத்தில் பாதித் தெரு நம் வீட்டில்தான் உட்கார்ந்திருக்கிறது. நீங்கள் இருந்திருந்தால் செருப்பையெல்லாம் வரிசையாக விடச் சொல்லி எல்லோர் உயிரையும் எடுத்திருப்பீர்கள். உங்கள் மாப்பிள்ளையின் பட்டறை அரியமங்கலத்தில் குறையில்லாமல் ஓடுகிறது. அதன் பின்பக்கக் கொட்டகையில்தான் உங்களைச் செய்து முடித்தேன்.

ஆமாம், உங்களைத்தான். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

எழுபத்தேழு வெள்ளம் ஞாபகம் இருக்கிறதா அப்பா? தண்ணீர் வடிந்த பிறகு உறையூரில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் சாமான்கள் குவிந்து கிடந்தன. ஊதிப்போன பலகை, சேறு குடித்த பாய், மூடி கழன்ற டிரங்குப் பெட்டி. அப்போது நான் திருச்சியில் ஓவியப் பள்ளியில் கடைசி வருடம். "பெயிண்ட்டும் பிரஷ்ஷும் இருந்தாத்தான் படமா? கையில கெடைக்கிறதையெல்லாம் சேத்து ஒண்ணு பண்ணிக்கிட்டு வாங்க. பரிட்சைக்கு அதைத்தான் வைக்கணும்" என்று ஸ்டெல்லா மிஸ் சொல்லியிருந்தார். மற்ற பிள்ளைகள் மணியும் ஜிகினாவும் வாங்கக் கடைத்தெருவுக்குப் போனார்கள். நானும் எடமலைப்பட்டி புதூர் பிலோமினாவும் கோணிச் சாக்கைத் தூக்கிக்கொண்டு உறையூருக்குப் போனோம்.

அங்கே ஒரு அம்மா, சாயம் கலங்கிப்போன தன் கல்யாணப் புடவையின் முந்தானையைக் கிழித்துக் கொடுத்தார். "கட்டவும் முடியல, தூக்கிப்போடவும் மனசு வரல. எங்கயாவது வச்சுத் தச்சுக்க கண்ணு. முடிச்சதும் சொல்லு, நான் வந்து பாக்கறேன்" என்றார். யாரோ ஒருத்தி கேட்டதும் தன் கல்யாணப் புடவையைக் கொடுத்த மனசு அது. அந்த அம்மாவின் முகம் இன்னும் எனக்குத் தெளிவாக இருக்கிறது.

நம் கொல்லையில் வைத்துத்தான் வேலை செய்தேன். வெள்ளம் விட்டுப்போன வண்டலை அம்மாவின் மாவுச் சல்லடையில் சலித்து, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். மைதாவில் பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் போட்டுப் பசை காய்ச்சி, அதில் வண்டலைக் குழைத்துப் பலகையில் பூசினேன். காய்ந்ததும் பாளம் பாளமாக வெடித்து உதிர்ந்தது. மறுபடி பூசினேன், மறுபடியும் உதிர்ந்தது. அழுதுவிட்டேன். பிலோமினாவின் மாமா தொட்டியத்தில் வாழை போட்டிருந்தார். அவள் ஒரு கட்டு வாழைநாரைக் கொண்டுவந்து போட்டு, "மண்சுவத்துக்கு வைக்கோல் போடுறாங்கல்ல? அது மாதிரி இதப் பொடிசா நறுக்கிப் போடுடி, எப்படி நிக்காம போகுதுன்னு பாப்போம்" என்றாள். நின்றது அப்பா. தட்டினால் பானை மாதிரி சத்தம் கேட்டது.

அந்த மண்ணின் மேல் டிரங்குப் பெட்டித் தகரத்தை வெட்டி ஆற்றின் வளைவாக வைத்தேன். முந்தானையைக் கோணி ஊசியால் தைத்தேன். ஊசி விரலில் ஏறி, நகமெல்லாம் துத்த நீலம். அந்தக் கையோடு நான் சாப்பிட உட்கார்ந்தால் நீங்கள் தட்டை எடுத்துக்கொண்டு தள்ளிப் போவீர்கள். வீட்டுக்கு வந்த உங்கள் ஆபீஸ் நண்பரிடம், "மூத்தவ குப்பை பொறுக்கப் படிக்கிறா. அதுக்கும் இப்ப காலேஜ் இருக்கு" என்று சொல்லிச் சிரித்தீர்கள். அவரும் சிரித்தார். காப்பி கொண்டுவந்தவள் நான்தான்.

கடைசியாக, தச்சரிடம் சொல்லித் தேக்கில் சட்டம் செய்து, சுற்றிலும் ஆணி அடித்தேன். படம் முடிந்துவிட்டது. பொங்கல் விடுமுறை முடிந்ததும் பரிட்சை அதிகாரி வருவார்.

அதற்குள் போகி வந்தது.

அன்று விடியும்போது என்னை எழுப்பியது மேளச் சத்தமில்லை, வாடை. பசை கருகும் வாடை. ஓடி வந்தேன். வாசலில் பழைய முறம், பிய்ந்த பாய், துடைப்பக்கட்டை, அவற்றின் நடுவில் என் ஆறு. வாழைநார் கலந்த மண் சடசடவென்று வெடித்துக்கொண்டிருந்தது. முந்தானை ஏற்கெனவே போய்விட்டது. நீங்கள் ஒரு குச்சியால் நெருப்பைக் கிளறிக்கொண்டிருந்தீர்கள்.

"பழசுன்னு நெனச்சுட்டேன்மா. போகியில்லையா" என்றீர்கள்.

ஒரு நிமிஷம் நான் அதை நம்பினேன் அப்பா. பழைய சாமானை எரிக்கிற நாள், என் படமோ முழுக்கப் பழைய சாமான். எந்த வீட்டிலும் நடந்திருக்கக்கூடிய தவறுதானே? முகம் கழுவ உள்ளே போனேன். கூடத்துக் கதவுக்குப் பின்னால் என் தேக்குச் சட்டம் சாய்ந்து நின்றது. ஈரத்துணியால் துடைத்திருந்தது. ஒரு கீறல் இல்லை.

ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கியிருக்கிறீர்கள். அதற்கு எவ்வளவு பொறுமை வேண்டும்! குப்பை என்று நினைப்பவர் தூக்கி நெருப்பில் போடுவார். உட்கார்ந்து ஆணி பிடுங்க மாட்டார். எதை எரிக்கிறோம் என்று தெரிந்தே எரித்தீர்கள்.

"காட்ட ஒண்ணும் இல்லன்னா எதுக்குங்க மார்க் போடுறது?" என்று ஸ்டெல்லா மிஸ்ஸிடம் கேட்டார் அதிகாரி. அவரைக் குறை சொல்ல முடியாது. டிப்ளமோ போயிற்று. உறையூர் அம்மா சொன்னபடி பள்ளிக்கே வந்து, தன் முந்தானை எங்கே என்று கேட்டார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? வெள்ளத்தில் நனைந்த துணி இற்றுப்போய்விட்டது என்றேன். உங்கள் மானத்தைக் காப்பாற்ற அந்த அம்மாவிடம் பொய் சொன்னேன். அதற்கும் சேர்த்துத்தான் இந்தக் கோபம்.

வைகாசியில் எனக்குக் கல்யாணம். நீங்கள் ரிட்டயர் ஆனதும், மாலையும் கழுத்துமாக எடுத்த போட்டோவை எந்தச் சட்டத்தில் மாட்டினீர்கள்? என் சட்டத்தில். பிறந்த வீட்டுக்கு வரும்போதெல்லாம் அதன் கீழே உட்கார்ந்து சாப்பிட்டேன். வருகிறவர்களிடம், "நல்ல தேக்கு, இந்தக் காலத்துல கெடைக்காது" என்பீர்கள். ஒரு தடவையாவது என் முகத்தைப் பார்த்தீர்களா?

ஆனால் ஒன்று சொல்லணும். இரும்பும் தகரமும் மலையாகக் குவிந்து கிடக்கிற பட்டறைக்காரரை எனக்குப் பார்த்துக் கட்டிவைத்ததும் நீங்கள்தான். "எது வேணும்னாலும் எடுத்துக்க, ஓடுற மெஷின மட்டும் விட்டுடு" என்பார் அவர். குப்பையிலிருந்து என்னைப் பிரிக்க நினைத்து, குப்பைக்கு நடுவில் குடிவைத்தீர்கள். அதை நினைத்து நான் தனியாகச் சிரித்த நாட்கள் உண்டு.

நீங்கள் கண்ணை மூடிய வருடம் வீட்டில் பொங்கல் இல்லை. அதற்கடுத்த போகிக்கு முதல் பஸ்ஸில் ஸ்ரீரங்கம் வந்தேன். வாசலில் சேகர் தீப்பெட்டியோடு நின்றான். தரையில் என்ன தெரியுமா? உங்கள் சாய்வு நாற்காலித் துணி, ஆபீஸ் பை, கம்பி நீட்டிய குடை, பழுப்பேறிய வேட்டிகள். உங்கள் செல்லப் பிள்ளை, உங்களைப் போலவே சுத்தக்காரன், எல்லாவற்றையும் அழகாக அடுக்கியிருந்தான்.

"நிறுத்துடா" என்றேன்.

"எல்லாம் பழசுக்கா. யாருக்கு வேணும்?"

"எனக்கு வேணும். அப்புறம், அந்தச் சட்டமும் வேணும்."

"அப்பா படத்தையா கேக்குற?"

"படத்த நீயே வச்சுக்க. சட்டம் மட்டும் போதும்."

அவன் முகம் மாறிவிட்டது. அம்மா கதவைப் பிடித்தபடி நின்றிருந்தாள். "குடுத்துடுடா, அது அவளோடது" என்றாள். அத்தனை வருடமும் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. பிறகு உள்ளே போய், உங்கள் மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு பல்பொடி டப்பாவைக் கொண்டுவந்தாள். உள்ளே என் ஆணிகள். எல்லாவற்றையும் தட்டி நேராக்கி வைத்திருந்தீர்கள்.

"மனசு கேக்காமத்தான்டி எடுத்து வச்சிருக்காரு" என்றாள் அம்மா. அப்படியா அப்பா? நான் நம்பவில்லை. ஆணி வீணாகக் கூடாது என்று வைத்திருப்பீர்கள். எப்படியிருந்தாலும் கேட்டுத் தெரிந்துகொள்ள நீங்கள் இல்லை.

நாற்காலித் துணியை விரித்தபோது நடுவில் உங்கள் முதுகு இருந்தது. எத்தனையோ வருட வியர்வை வரைந்த முதுகு. அதை அப்படியே பலகையில் இழுத்து ஒட்டினேன். காவிரி வண்டலில் வாழைநாரை நறுக்கிப் போட்டுச் சுற்றிலும் பூசினேன். இந்த முறை முதல் பூச்சே நின்றது. குடைக்கம்பிகளை விலா எலும்பாக வளைத்தேன். ஆபீஸ் பையின் வாரைக் கோணி ஊசியால் தைத்தேன். கடைசியில் என் சட்டத்தை வைத்து, என் ஆணிகளையே அடித்தேன். ஒவ்வொரு அடியும் சுகமாக இருந்தது. பொய் சொல்ல மாட்டேன்.

போன வாரம் ஓவியப் பள்ளிக் கண்காட்சியில் உங்களை மாட்டினேன். ஸ்டெல்லா மிஸ் என் கையைப் பிடித்துக்கொண்டார். அன்று உங்களோடு சேர்ந்து சிரித்தாரே, அந்த ஆபீஸ் நண்பரும் பேத்தியோடு வந்திருந்தார். உங்கள் முன்னால் நின்று, மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார்.

"என்னம்மா இது, குப்பையெல்லாம் கொண்டாந்து மாட்டியிருக்கீங்க?"

"நல்லாப் பாருங்க சார், உங்களுக்குத் தெரிஞ்சவர்தான்" என்றேன்.

கொஞ்ச நேரம் கழித்து அவருக்கு அந்தக் குடை தெரிந்தது. பிறகு முதுகு தெரிந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே வெளியே போய்விட்டார். இதற்காகத்தான் அப்பா இத்தனை வருடம் காத்திருந்தேன்.

உங்களுக்கு ஒரு வாக்கு தருகிறேன். ஒவ்வொரு போகிக்கும் உங்களை ஸ்ரீரங்கத்துக்குக் கொண்டுவந்து, வாசலில் நெருப்புக்கு எதிரே சாய்த்துவைப்பேன். சேகரும் நானும் வேறு எதையெதையோ எரிப்போம். பழசு, குப்பை, இதையும் போட்டுடலாமே என்று யாராவது சொல்வார்கள். நீங்கள் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். நெருப்பு அடங்கியதும் ஈரத்துணியால் உங்களைத் துடைத்து, ஒரு கீறல் விழாமல் வீட்டுக்குத் தூக்கிப்போவேன். நான் இருக்கும்வரை உங்களை எரிக்க விட மாட்டேன். எனக்குத் தெரிந்து இதைவிடப் பெரிய தண்டனை இல்லை.

இப்படிக்கு,
நீங்கள் பெற்ற குப்பை பொறுக்கி,
உங்கள் மூத்த மகள் கனகா