கப்பல்காரரும் கிளடிஸ் ரீச்சரும்

சென் ஜேம்ஸ் ரவுண்,
ரொறன்ரோ.
12.04.1987

அன்புள்ள அத்தானுக்கு,

நானும் பிள்ளையும் சுகம். சென்னை வெயிலில் நீங்களும் சுகமாக இருக்க வேண்டும். நீங்கள் புத்தகம் எழுதுகிற உங்கள் கப்பல்காரரைச் சுகம் விசாரிக்கத் தேவையில்லை. செத்து நூறு வருடமான மனிதருக்கு இனி என்ன வரப்போகிறது?

அவருடைய பெயரை இந்தக் கடிதத்தில் எழுதமாட்டேன். எரிச்சலாக இருக்கிறது. எட்டுப் பக்கக் கடிதத்தில் ஏழரைப் பக்கம் அவர்தான். பதினாறு வயதில் கப்பலேறினாராம். பீரங்கிச் சத்தத்தில் ஒரு காது செவிடானதாம். தென்னமெரிக்காவில் புது நாடு பிறந்தபோது முதல் தலைவராக அவரைத்தான் இருத்தினார்களாம். மந்திரிமாருக்கும் கப்பலில் கட்டளையிடுவதுபோலவே கத்தினாராம். எல்லாம் எனக்கு மனப்பாடம். பிள்ளைக்கு முன்பல் விழுந்தது என்று எழுதினேனே, அதற்கு ஒரு வரி பதில் உண்டா? மிச்ச அரைப் பக்கத்திலும் தேடிப் பார்த்தேன், இல்லை.

இங்கே பனி கரைந்துவிட்டது. தையல் தொழிற்சாலையில் என்னைக் கொலர் தைக்கும் மெஷினுக்கு மாற்றியிருக்கிறார்கள். பக்கத்து மெஷினில் யாழ்ப்பாணத்து யோகமலர் அக்கா. சாப்பாட்டு நேரத்தில் உங்கள் கடிதத்தைப் பிரித்தேன். ஐந்தாம் பக்கத்தின் அடியில் ஒரு வசனம் இருந்தது. "என்னைச் சுற்றி எத்தனையோ பேர் நிற்கிறார்கள், நீ நிற்க வேண்டிய இடத்தில் மட்டும் ஒருவரும் இல்லை." நெஞ்சு நிறைந்து போய் அதை யோகமலர் அக்காவுக்கும் வாசித்துக் காட்டினேன். நீர் குடுத்து வைச்சனீர், என்ர மனிசன் மா என்ன விலை, சீனி என்ன விலை எண்டுதான் எழுதுவார் என்று அவர் பெருமூச்சு விட்டார்.

பக்கத்தைத் திருப்பினேன். "என்று கப்பல்காரர் தம் மனைவிக்கு எழுதினார். போன ஞாயிறு கிளடிஸ் ரீச்சர் ஸ்பானிய மொழியில் வாசித்து, தமிழிலும் சொன்னபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது" என்று எழுதியிருந்தீர்கள். மிச்சம் குடும்ப விஷயம் என்று சொல்லிக் கடிதத்தை மடித்துவிட்டேன்.

கிளடிஸ் ரீச்சர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. மட்டக்களப்பில் உங்களோடு படிப்பித்தவர். எனக்கு நெருப்புக் காய்ச்சல் வந்தபோது கஞ்சி கொண்டுவந்து தந்தவர். கன்னியாஸ்திரி மடத்தை விட்டு வந்தாலும், மடத்தில் படித்த ஸ்பானிய மொழியை அவர் விடவில்லை. அது உங்கள் புத்தகத்துக்கு உதவுகிறது, சரி. ஆனால் உங்கள் அறையில் ஒரே ஒரு கதிரைதான் உண்டு என்று முன்பு எழுதியிருந்தீர்கள். அவள் அதில் உட்கார்ந்து இன்னொருவனின் காதல் கடிதத்தை வாசிக்கும்போது நீங்கள் எங்கே இருப்பீர்கள்?

பொறாமைதான் அத்தான், மறைக்கவில்லை. செத்த மனிதரில் தொடங்கி, அவருடைய பெண்சாதியில் ஏறி, இப்போது கிளடிஸில் வந்து நிற்கிறது. அந்தப் பெண்சாதிக்கு ஒவ்வொரு துறைமுகத்திலிருந்தும் கடிதம் போனதாம். எனக்கு அந்தக் கடிதங்களின் விபரம் வருகிறது.

நீங்கள் இங்கே வருவதற்கான விசாவுக்கு டெல்லியில் கனடாக்காரர் வைத்த நேர்காணலுக்கு நீங்கள் போன மாதம் போகவில்லை. கப்பல்காரரின் ஒரு கட்டுக் கடிதம் வாசித்து முடியவில்லை என்று காரணம் சொன்னீர்கள். அந்த மனிதர் ஏழே வாரத்தில் தலைவர் பதவி போதும் என்று வீட்டுக்குப் போனவர், இதையும் நீங்கள்தான் எழுதினீர்கள். ஒரு நாட்டைக் கைவிட அவருக்கு ஏழு வாரம் போதும். அவரைக் கைவிட உங்களுக்கு நாலு வருடம் போதவில்லை.

இப்போது ஜூன் ஒன்பதாம் திகதி திரும்பவும் கூப்பிட்டிருக்கிறார்கள். இந்த முறையும் போகாவிட்டால் உங்கள் பைலை மூடிவிடுவார்களாம். என்னிடமும் ஒரு விண்ணப்பப் பாரம் நிரப்பிக் கேட்டார்கள். உங்களுக்கும் எனக்கும் உள்ள புருசன் பெண்சாதி உறவு இன்றும் நிலைத்திருக்கிறது என்று நான் உறுதி எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும். இதில யோசிக்க என்னக்கா கிடக்கு, வைச்சு அனுப்பு என்று தம்பி நாகமணி சிரித்தான். ஒன்பது நாள் அது மேசையிலேயே கிடந்தது. சமைக்கும்போது பார்ப்பேன், பிள்ளைக்குத் தலை வாரி இழுக்கும்போது பார்ப்பேன். பேனையை எடுத்தால் அந்த ஒற்றைக் கதிரை கண்ணுக்குள் வந்து நிற்கும்.

புத்தகத்தை விட்டுவிட்டு வரச் சொல்லவில்லை. கட்டுக் கட்டாகக் கொண்டு வாருங்கள். கப்பல்காரருக்கும் இங்கே இடமுண்டு. வாசித்துச் சொல்ல ஆள் இல்லையென்றால் நான் ஸ்பானிய மொழி படிக்கிறேன். எங்கள் தொழிற்சாலையில் அது பேசுகிறவர்கள் பத்துப் பேர் இருக்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை கையெழுத்து வைத்துத் தபாலில் போட்டுவிட்டேன். எங்கள் கலியாணம் நிலைத்திருக்கிறது என்று இந்த நாட்டுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன் அத்தான். நான் பொய் எழுதியவளாகாமல் மாமாங்கப் பிள்ளையாரும் நீங்களும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாரத்தில் எழுதியபடி
உங்கள் மனைவி,
மனோரஞ்சிதம்