சிரிப்பு வராத கதை

மார்ச் 4

குட்டியின் அப்பாவுக்கு,

நீங்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனபின் நான் எழுதும் முதல் கடிதம் இது. போனில் பேசினால் சண்டையில்தான் முடியும்.

குட்டிக்கு ஓயாத தலைவலி. ஸ்கேனில் மூளையின் ஓரத்தில் ஒரு நீர்க்கட்டி தெரிகிறதாம். குழந்தைகளுக்கு அபூர்வமாக வருவது, பெரும்பாலும் கெடுதல் செய்யாது என்கிறார் டாக்டர். மூளையை அழுத்துகிறதா என்று எம்.ஆர்.ஐ.யில்தான் தெரியும். அதற்கு ஆடாமல் படுக்க வேண்டும். உங்கள் மகளாவது, ஆடாமல் இருப்பதாவது! மயக்க மருந்து கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. காதில் ஹெட்போன் மாட்டிக் கதை போடலாமாம். "அப்பா சொல்ற கதைதான் வேணும்" என்று ஒரே அடம். பதிவு செய்து அனுப்புங்கள். எனக்காக அல்ல.

குட்டியின் அம்மா

மார்ச் 10

குட்டியின் அம்மாவுக்கு,

படித்ததிலிருந்து கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. லிஃப்ட் ரிப்பேருக்குப் போன இடத்தில், ஸ்குரூ டிரைவரைக் கையில் வைத்துக்கொண்டே ஊரெல்லாம் தேடினேன்.

இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கும் பென் டிரைவில் புதுக் கதை இருக்கிறது. லிஃப்டில் மாட்டிக்கொண்ட யானை. நான் வரட்டுமா? நீ சொல்லாமல் வந்து நிற்கப் பயமாக இருக்கிறது.

குட்டியின் அப்பா

மார்ச் 19

குட்டியின் அப்பாவுக்கு,

உங்களுக்குக் கொஞ்சமாவது யோசனை இருக்கிறதா? யானை தும்மியதும் மெஷினுக்குள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்திருக்கிறாள். படமெல்லாம் கலங்கிப் போய் பாதியில் நிறுத்திவிட்டார்கள். ஸ்கேன் எடுக்கும் பெண், "இவ்ளோ நல்ல கதைய யாரும்மா அனுப்பச் சொன்னது?" என்றாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன்.

மறுபடி எடுக்கப் போகிறார்கள். சிரிப்பே வராததாக அனுப்புங்கள்.

குட்டியின் அம்மா

மார்ச் 24

குட்டியின் அம்மாவுக்கு,

தப்புதான். லிஃப்ட் பராமரிப்பு விதிகளை முதல் பக்கத்திலிருந்து வாசித்திருக்கிறேன். நடுவில் கேட்கும் குறட்டை என் அறை நண்பருடையது.

பெஞ்சில் நீ தனியாக உட்கார்ந்திருந்தது மனசை அறுக்கிறது.

குட்டியின் அப்பா

ஏப்ரல் 6

என்னங்க,

மூன்றாவது விதியிலேயே தூங்கிவிட்டாள். படம் கண்ணாடி மாதிரி வந்திருக்கிறது. டாக்டர் காட்டினார், ஓரமாகத் தண்ணீர் தேங்கிய மாதிரி ஒரு சின்னக் கட்டி. எதையும் அழுத்தவில்லை. தலைவலி பார்வைக் குறைவால்தானாம், கண்ணாடி போட்டாகிவிட்டது. ஆபரேஷன் வேண்டாம், வருஷம் ஒருமுறை படம் எடுத்துப் பார்த்தால் போதும். இன்றைக்குத்தான் வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

யானை எப்படி வெளியே வந்தது என்று உங்கள் மகள் துளைத்தெடுக்கிறாள். பென் டிரைவில் அனுப்ப வேண்டாம். வந்து சொல்லுங்கள். நானும் கேட்க வேண்டும்.