சோடாப் போத்திலுக்குக் கிடைத்த மரியாதை

அன்பு மச்சாள்,

இன்று எங்கள் கொம்பனியின் களஞ்சியத்தில் ஒரு பெட்டியைத் திறந்தேன். நாங்கள் விற்று, பாவித்தவர்கள் திருப்பிக் கொடுத்த பழைய ரோச் லைற்றுகளும் கைத்தொலைபேசிகளும் உள்ளே கிடந்தன. எதிலோ பற்றரி கசிந்திருக்கிறது. துருவும் புளிப்பும் கலந்த அந்த மணம் மூக்கில் ஏறியதும், கொழும்பில் நின்ற எனக்கு ஈச்சிலம்பற்றில் இருந்த உன் வீடு கண்ணுக்குள் வந்துவிட்டது.

சாணம் மெழுகிய உன் வீட்டு நிலத்தை மறக்க ஏலுமா? ஊரிலேயே கறுத்த நிலம் உன்னுடையதுதான். அது சண்டைக் காலம். எங்கள் பக்கத்துக்குப் பற்றரி கொண்டுவர இராணுவம் தடை போட்டிருந்தது. தப்பி வருவது பெண்களின் கொண்டைக்குள் ஒளிந்துதான் வரும். செத்த பற்றரியை வெயிலில் காயவைத்து, பழையதும் புதியதுமாகச் சேர்த்துக் கட்டி, செய்தி கேட்கிற நேரத்துக்கு மட்டும் றேடியோவுக்கு உயிர் கொடுப்போம். அதற்கும் உதவாமல் போனால் உடைத்து, உள்ளே இருக்கும் கரியைச் சாணத்தோடு குழைத்து நிலம் மெழுகுவோம். ஊரில் எல்லோரும் செய்ததுதான். கை கறுத்தால் அதையும் சொல்லிச் சிரிப்போம்.

தவழ்கிற வயதில் உன் மகள் அந்த நிலத்தைச் சுரண்டித் தின்றாள். சத்தியெடுத்துக்கொண்டே இருந்தாள், வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. மூதூர் ஆசுபத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். "நிலத்தில என்ன பூசினீங்கள்?" என்று கேட்ட தாதி, பதிலைக் கேட்டதும் தலையில் கை வைத்தாள். அதுதான் காரணம் என்று எவரும் அடித்துச் சொல்லவில்லை. உனக்கு அந்தக் கேள்வியே போதுமாக இருந்தது. பிள்ளை தேறி வீட்டுக்கு வந்த அன்றே மண்வெட்டி எடுத்து நிலத்தைக் கிளறினாய். பிறகு வீடு வீடாகப் போய், உடைக்க வைத்திருந்த பற்றரிகளை எல்லாம் சாக்கில் சேர்த்தாய்.

"இதை எங்கயடி கொண்டுபோய்ப் போடப்போறாய்?" என்றேன்.

"கிணத்துக்க போட ஏலாது, வயலுக்க போட ஏலாது. வித்தவனிட்டயே குடுப்பம்."

காவலரணில் ஆமிக்காரர் சாக்கை அவிழ்த்துப் பார்த்தார்கள். உள்ளே பற்றரி கொண்டுவருகிறவர்களைப் பிடிக்கத்தான் அவர்களுக்குச் சட்டம் இருந்தது. வெளியே கொண்டுபோகிற இரண்டு பெண்களை என்ன செய்வதென்று அவர்களுக்கே தெரியவில்லை. ஒரு பொடியன் தன் ரோச்சில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தான். ஒன்றும் பத்தவில்லை. பைத்தியங்கள் என்று நினைத்திருப்பான், போகச் சொல்லிக் கை காட்டினான். "வரேக்க கொண்டைக்குள்ள ஒளிச்சு வந்தது, போகேக்க ராசா மாதிரிப் போகுது பார்" என்று திருகோணமலைக்குப் போகிற லாஞ்சிப் படகில் நீ சிரித்த சிரிப்பு!

திருகோணமலையில் துறைமுகத்தடிக் கடையில் பற்றரிக் கொம்பனியின் முகவர் கதிரையை விட்டு எழும்பவே இல்லை. "பாவிச்சு முடிஞ்ச சாமானை எவன் தங்கச்சி திருப்பி எடுப்பான்?"

"சோடாப் போத்தில் எடுக்கிறீங்கள்தானே? வெறும் போத்தில் தராட்டி அடுத்த சோடா தரமாட்டீங்கள். அதுக்கு இருக்கிற மரியாதை இந்த நஞ்சுக்கு இல்லையோ? இதில அடிச்சிருக்கிறது உங்கட கொம்பனிப் பேரா, என்ர பேரா?"

கடையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அவரும் சிரித்து, சாக்கை வாங்கி உள்ளே வைத்தார். ஆளுக்கொரு சோடாவும் தந்தார். எனக்கு உன்னை நினைத்து அவ்வளவு பெருமை.

பின்னேரம் லாஞ்சி புறப்பட்டு இறங்குதுறையை விட்டு விலகியபோதுதான் கண்டோம். அந்தக் கடையில் வேலை செய்கிற ஆள் எங்கள் சாக்கைக் கல்லுகளின் மேல் கவிழ்த்துக் கடலுக்குள் உதறிக்கொண்டிருந்தான். அருகில் சின்னப் பிள்ளைகள் நீந்தினார்கள். நீ எழும்பிக் கத்தினாய். இயந்திரச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? நான் உன் கையைப் பிடித்து இருத்தினேன்.

மூதூர் வரும்வரை நீ அழுதாய். "வாங்கிப்போட்டான் எண்டு சந்தோசப்பட்டமே மச்சாள். வாங்கி எங்க போடுவாய் எண்டு கேக்காமல் வந்திட்டமே."

உன் மகள் இப்போது ஒரு பிள்ளைக்குத் தாய். நீ அதைப் பார்க்காமலே கண்மூடியது எனக்கு இன்னும் ஆறவில்லை. நான் உன் வழக்கைத்தான் பேசிக்கொண்டிருக்கிறேன். விற்றதைத் திருப்பி வாங்க வேண்டும், பற்றரியைக் கழற்றக்கூடிய மாதிரி பொருளைச் செய்ய வேண்டும் என்று வருடக்கணக்காகச் சண்டை பிடித்து, கடைகளில் சேகரிப்புப் பெட்டி வைக்கச் செய்தேன். இன்று கூட்டத்தில் அதற்குக் கைதட்டினார்கள். படமும் எடுத்தார்கள்.

"பெட்டி நிறைஞ்ச பிறகு?" என்று கேட்டேன்.

ஒப்பந்தகாரரின் லொறி வந்து ஏற்றிக்கொண்டு போகுமாம்.

"லொறி எங்க போகுது?"

ஒருவருக்கும் தெரியவில்லை. அவர் பொறுப்பானவர்தான், நீங்கள் ஏன் கவலைப்படுகிறீர்கள் என்றார் முதலாளி.

நாளைக்கு அந்த லொறி புறப்படும்போது முன் இருக்கையில் நானும் இருப்பேன், மச்சாள். அது எங்கே போய்க் கொட்டுகிறதென்று பார்க்காமல் இறங்க மாட்டேன்.