அப்பாவுக்கு இறங்கிய பருப்பு சூப்

அன்புள்ள மகள் ஜோலீனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் நலம். வழக்கத்துக்காக எழுதும் நலம் இல்லை, இந்தத் தடவை நிஜமாகவே நலம். நீயும் மாப்பிள்ளையும் போர்ட்லாந்தில் சுகமாக இருக்கிறீர்களா? மழை விடவில்லை என்றாய், தலையை நனைத்துக்கொண்டு திரியாதே. இங்கே நெப்ராஸ்காவில் மழையைக் காணோம், காற்றுதான். பசுக்கள் எல்லாம் கன்று போட்டுவிட்டன, பக்கத்துப் பண்ணை ஆர்லோதான் கூடமாட நின்றான், நன்றாக இருக்கட்டும்.

ஃபோனில் நான் பாதிதான் சொன்னேன், அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். புற்றுநோய்க்கு மருந்து ஏற்ற ஆரம்பித்ததிலிருந்தே அவரால் மாட்டிறைச்சியை வாயில் வைக்க முடியவில்லை. தகரத்தை நக்கற மாதிரி இருக்கு மார்லிஸ் என்றார். பிறந்ததிலிருந்து மாடு வளர்த்து மாடு தின்ற மனுஷன்! ஊர்க்காரர்கள் பாத்திரம் பாத்திரமாகக் கொண்டு வந்து இறக்கினார்கள், வறுத்தது, சுட்டது, சீஸ் போட்டு வேகவைத்தது, எல்லாவற்றிலும் மாடு. வாசனை பட்டதும் எழுந்து கொட்டகைக்குப் போய்விடுவார். இப்படியே எடை குறைஞ்சா மருந்தை நிறுத்த வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அப்போதுதான், கறியே தொடாத நீ தேங்க்ஸ்கிவிங் விருந்துக்கு வந்தபோது உனக்கென்று செய்து ஃப்ரீசரில் வைத்துவிட்டுப் போன பருப்பு சூப் கண்ணில் பட்டது. அன்றைக்கு அதைப் பார்த்து அப்பா என்ன சொன்னார், இதை மாட்டுக்குப் போடுவோம், மாட்டை நாம சாப்பிடுவோம், நடுவுல நீ எதுக்கு மாட்டோட பங்குக்குப் போற என்று! இப்போது நான் சூடாக்கிக் கொடுத்ததும், அதே சூப்பை ஒரு கிண்ணம் முழுக்கக் குடித்துவிட்டு, இன்னும் இருக்கா என்று கேட்டார்.

அது தீர்ந்ததும் நானே செய்தேன். வெறும் பருப்புத் தண்ணீரில் என்ன தெம்பு வரும் என்று, மாட்டெலும்பு வேகவைத்த சாறைக் கொஞ்சம் ஊற்றினேன். சாறுதானே, கறியா என்ன! ஒரு வாய் வைத்தார், துப்பிவிட்டார், என்னையே ஏமாத்தப் பாக்கறியா என்று ஒரே சத்தம். அப்புறம்தான் உனக்கு ஃபோன் போட்டேன். தேங்காய்ப் பால், இஞ்சி, எலுமிச்சை என்று பொறுமையாகச் சொன்னாய். சாறு ஊற்றிய கதையைக் கேட்டு, ஐயோ அம்மா, அதுவும் மாடுதாம்மா என்று சிரித்தாய். வாரா வாரம் புதிதாக ஒன்று சொல்லிக்கொடுத்தாய். ஒரு தடவைகூட, நான் அப்பவே சொன்னேனே என்ற வார்த்தை உன் வாயிலிருந்து வரவில்லை. நானாக இருந்தால் விட்டிருப்பேனா? உன்னைப் பெற நான் கொடுத்து வைத்திருக்க வேண்டும்டி.

இன்னொன்று, மறைக்க மனசு வரவில்லை. மருந்து முடிந்தது, உடம்பில் நோய் தெரியவில்லை என்று போன வாரம் டாக்டர் சொன்னார். நாக்குக்கு ருசியும் திரும்பிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை அப்பா நம் மாட்டிறைச்சியில் ஒரு பெரிய துண்டைச் சுட்டு முழுக்கச் சாப்பிட்டார். பாதியில் கண் கலங்கிவிட்டது அவருக்கு. ஜோலீன்கிட்ட சொல்லாதே, மனசு கஷ்டப்படுவா என்றார். உனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும், தெரியும். ஆனால் அந்தத் துண்டைத் தின்ன ஆள் உயிரோடு உட்கார்ந்திருந்ததே உன்னால்தான். அதனால்தான் யாருக்கும் சொல்வதற்கு முன் உனக்கு எழுதுகிறேன்.

கடவுள் உன்னையும் மாப்பிள்ளையையும் ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும். வைட்டமின் மாத்திரையை மறக்காமல் போடு. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு, அப்பாவே எடுப்பார். அவராகச் சொல்லும்வரை உனக்கு ஒன்றும் தெரியாத மாதிரியே இரு.

உன் அன்பு அம்மா,
மார்லிஸ்