கேரவன் ஃபிரிட்ஜும் நாலு ஊசியும்

ஜூலை 6, ஞாயிறு

விடிந்ததிலிருந்து தூறல், காற்று. பூசைக்குப் போகவில்லை.

கா. 9க்குச் செல்வம் கேரவனைக் கொண்டுவந்து வாசலில் விட்டுப் போனார். பழைய டெம்போ வேன்தான். உள்ளே கட்டில், கக்கூஸ், இடுப்பளவு ஃபிரிட்ஜ். வாடகைக்கு விடுகிறவர் என்றாலும் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். வீட்டுக் கரண்டில் போட்டால்தான் ஃபிரிட்ஜ் குளிர்விக்கும், அதுவும் ஒரு நாள் முழுக்க. வண்டி ஓடும்போது பேட்டரியில் ஓடி, இருக்கிற குளிரைக் காப்பாற்றும், அவ்வளவுதான். சூடாக எதுவும் வைக்கக்கூடாது. அடைத்து வைக்கக்கூடாது. மில்லில் முப்பத்தொரு வருஷம் எலக்ட்ரீஷியன், எனக்கே பாடம். கேட்டுக்கொண்டேன். ஜன்னல் வழியாக ஒயர் இழுத்துப் போட்டாயிற்று.

நேற்று ஸ்டெல்லாவுக்கு மூன்றாவது கீமோ. டாக்டர் பயணத்துக்குச் சரி என்றும் சொல்லவில்லை, தடுக்கவும் இல்லை. லாட்ஜ் வேண்டாம், கூட்டம் வேண்டாம், வெள்ளை அணு ஏறுவதற்கான ஊசி அஞ்சு நாளில் ஒரு நாளும் தவறக்கூடாது, ஊசி குளிரிலேயே இருக்க வேண்டும் என்றார். அதற்குத்தான் கேரவன். ஸ்டெல்லாவுக்கு வேளாங்கண்ணிக் கடலைப் பார்க்க வேண்டுமாம். கல்யாணம் ஆனதிலிருந்து அவள் வாய்விட்டுக் கேட்டது இது ஒன்றுதான்.

எடுக்க:
ஊசி 4 (ஐஸ் படாமல், நடுத்தட்டில்)
பஞ்சு, ஸ்பிரிட், மாஸ்க்
கஞ்சிப் பொடி
அவள் கம்பளி
ஃபிரிட்ஜுக்குள் வைக்கத் தெர்மாமீட்டர். வாங்க வேண்டும்!!

மா. 6. முதல் ஊசி, வீட்டு ஃபிரிட்ஜில் இருந்தது. நானேதான் போட்டேன், கை பழகிவிட்டது. "ஜில்லுனு எறங்குதுங்க" என்றாள். எப்போதும் சொல்வதுதான்.

ஜூலை 7, திங்கள்

கா. 5.40 கிளம்பினோம். உள்ளே கை வைத்துப் பார்த்தேன், நல்ல குளிர். தெர்மாமீட்டர் மறந்தே போயிற்று. கடை திறக்கும் நேரமும் இல்லை.

பல்லடம் தாண்டி வெயில். வெள்ளகோவிலில் ரெஜினா அக்கா வீடு. ஸ்டெல்லாவுக்கு மூத்தவர், அம்மா இல்லாத வீட்டில் இவளை வளர்த்தவர். வீட்டுக்குள் போகவில்லை. அக்கா வாசலில், இவள் வண்டிக் கதவோரம், இரண்டு பேருக்கும் மாஸ்க். மொட்டைத் தலையைப் பார்த்ததும் அக்கா முந்தானையை வாயில் வைத்து அழுதார். அப்புறம் விறுவிறுவென்று உள்ளே போனார். அங்கே ஆரம்பித்தது.

ஒரு தூக்கு இட்லி மாவு. விடியக்காலம் ஆட்டியது, கிரைண்டர் சூடு கூட ஆறவில்லை. அடுப்பிலிருந்து இறக்கிய கோழிக்குழம்பு. தயிர். இளநீர் ஆறு. வேண்டாங்க அக்கா என்றேன். மூன்று தடவை சொன்னேன். எங்கள் பக்கத்தில் வேண்டாம் என்பதை யார் நம்புகிறார்கள்? பந்தியில் உட்கார்ந்தவன் சொல்கிற மாதிரிதான், சொல்லச் சொல்ல இலையில் விழும். "தம்பி, அவ வாய்க்கு ஏதோ ரெண்டு இட்லி எறங்கட்டுமுங்க" என்று சொல்லிக்கொண்டே அக்கா தன் கையாலேயே ஃபிரிட்ஜைத் திறந்து அடுக்கினார். ஊசி டப்பா மூலைக்குப் போயிற்று. கதவை முழங்காலால் தள்ளி மூட வேண்டியிருந்தது.

ஊசி கெட்டுவிடும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்தது. அழுத கண்ணோடு நிற்கிறவரிடம் எப்படிச் சொல்வது என்று நின்றேன். நாலு கிலோமீட்டர் போனதும் ஓரம் கட்டி எல்லாவற்றையும் எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். அதையும் செய்யவில்லை. அக்கா கொடுத்ததை வெளியே வைப்பதை ஸ்டெல்லா பார்ப்பாள்.

கரூர். திருச்சியில் ரிங் ரோடு. வெயில் கொளுத்தியது. ஸ்டெல்லா தூக்கம். அவளுக்காக நிழல் கண்ட இடத்திலெல்லாம் நிறுத்தி நிறுத்தித்தான் ஓட்டினேன்.

மா. 6. தஞ்சாவூருக்கு வெளியே டீக்கடை ஓரம். ஃபிரிட்ஜைத் திறந்தேன். மாவு பொங்கி, மூடியைத் தூக்கி, தட்டெல்லாம் வழிந்து கிடந்தது. புளித்த வாடை. தெர்மாமீட்டர் இல்லாத குறையை மாவு தீர்த்துவிட்டது. ஊசி டப்பா மேலெல்லாம் மாவு. துடைத்துக் கையில் பிடித்தால் வெதுவெதுப்பு.

பக்கத்து மருந்துக்கடையில் கேட்டேன். ஆர்டர் போட்டால் நாளை மறுநாள் வருமாம். ஆஸ்பத்திரி நர்ஸ் நம்பரை எடுத்து வைத்துக்கொண்டு நின்றேன். உடனே திரும்பி வாங்க என்பார். இன்னும் நூறு கிலோமீட்டர் கூட இல்லை கடல்.

போன் போடவில்லை. ஊசி போட்டேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை, கையை மட்டும் தேய்த்துக்கொண்டாள்.

ஜூலை 8, செவ்வாய்

வேளாங்கண்ணி. நேற்று ராத்திரியே வந்து சேர்ந்தாயிற்று. எங்கள் பங்குக் கோவிலில் தெரிந்தவர் ஒருவர் வீட்டுக் காம்பவுண்டில் வண்டி. கரண்ட் கொடுத்தார்கள். மாவு, குழம்பு எல்லாம் குழி தோண்டிக் கொட்டினேன். ஃபிரிட்ஜ் சாயங்காலத்துக்குள் ஜில்லென்று ஆகிவிட்டது. கெட்டது குளிர்ந்தால் நல்லதாகிவிடுமா?

அதற்கு முன், கா. 5.30, ஆள் இல்லாத பக்கமாகக் கடலுக்குக் கூட்டிப்போனேன். அலையில் கணுக்கால் நனைய நின்றாள். சிரித்தாள். இருபது நிமிஷம் இருக்கும். எனக்கு அவள் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை, கணுக்காலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கோவிலை ரோட்டிலிருந்தே கும்பிட்டோம். மா. 6 ஊசி.

ஜூலை 9, புதன்

திரும்புகிறோம். வழியில் ஊசி. வெள்ளகோவிலில் நிறுத்தவில்லை. இவளும் நிறுத்தச் சொல்லவில்லை. அலுப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

ஜூலை 10, வியாழன்

கடைசி ஊசி. டப்பா காலி. செல்வத்திடம் வண்டியை ஒப்படைக்கும் முன் ஃபிரிட்ஜைச் சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவினேன். புளிப்பு வாடை போகவில்லை.

ஜூலை 12, சனி

கா. 4 மணிக்கு நடுக்கம். காய்ச்சல் 102. ஆஸ்பத்திரி. வெள்ளை அணு மிகவும் இறங்கிவிட்டதாம். தனி அறை. நர்ஸ் கேட்டது: "ஊசி அஞ்சும் தவறாமப் போட்டீங்களாங்க?" போட்டேங்க என்றேன். பொய் இல்லை. பொய்யை விட மோசம்.

ஜூலை 13, ஞாயிறு

வெளியே நல்ல மழை. காய்ச்சல் இறங்கவில்லை. கவுன், மாஸ்க் எல்லாம் மாட்டிக்கொண்டு பத்து நிமிஷம் உள்ளே விட்டார்கள். உதடெல்லாம் புண். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். வாய் திறப்பதற்குள் அவளே ஆரம்பித்தாள்.

"தஞ்சாவூர்ல போட்ட ஊசி ஜில்லுனு இல்லீங்க. நீங்க மாவத் தொடைக்கறதையும் படுத்துட்டேதான் பாத்தேன். கேட்டா வண்டியத் திருப்பிப்போடுவீங்கன்னு பேசாம இருந்துட்டேன்."

கட்டில் கம்பியைத்தான் பிடித்தேன். கையைப் பிடிக்கக் கூடாது.

"அக்காகிட்ட மட்டும் சொல்லிப்போடாதீங்க."

நேரே டாக்டரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். மாவு, குழம்பு, வெதுவெதுப்பு, எல்லாம். திட்டியிருந்தால் தேவலை. எழுதிக்கொண்டார், புது ஊசி எழுதினார், இரண்டு நாள் பார்க்கலாம் என்றார்.

மத்தியானம் வராண்டாவில் இருக்கும்போது ரெஜினா அக்கா போன். பயணம் எப்படி, அவ எப்படி இருக்கா என்று கேட்டார். தூங்குகிறாள் என்றேன். மாவு புளிக்காம இருந்துச்சுங்களா தம்பி, அவ சாப்பிட்டாளா என்றார்.

நல்லா இருந்துச்சுங்க அக்கா, நாலு இட்லி சாப்பிட்டா என்றேன்.