மரியெத்தா கடையில் இல்லாத மாத்திரை

அன்பு மகள் பெரினாவுக்கு, அப்பா எழுதுவது. தோன்காவின் குழந்தைகள் இரண்டும் சுகம், நானும் நடமாடிக்கொண்டிருக்கிறேன், நீ அயர்லாந்தில் நேரத்துக்குச் சாப்பிட்டு, குளிருக்கு இதமாக உடுத்தி நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். உன் தங்கை தோன்காவுக்குத்தான் ஆபத்து. போனில் சொன்னால் கடலில் போகாதே என்று கத்துவாய், அதனால் எழுதுகிறேன்.

போன பிரசவத்தில் கருப்பை கிழிந்து அக்கரையில் ஸ்ப்ளிட் நகரத்து ஆஸ்பத்திரியில் தைத்தார்களே, இப்போதைக்கு இன்னொன்று வந்தால் உயிர் தங்காது என்று டாக்டர் சொன்னது உனக்கும் தெரியும். அவள் புருஷன் லீவு முடிந்து விடிகாலையில் கப்பல் வேலைக்குக் கிளம்பினான், அதற்கு முந்தின ராத்திரி ஆணுறை கிழிந்துவிட்டது. காலையிலேயே மரியெத்தாவின் மருந்துக்கடைக்குப் போய் அவசரக் கருத்தடை மாத்திரை கேட்டிருக்கிறாள், இல்லை என்றதும் அழுதுகொண்டு வந்து என்னிடம் சொன்னாள். அம்மா இல்லாத வீட்டில் ஒரு பெண் அப்பனிடம் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது, பார். அப்போதே மலைக்காற்று தொடங்கிவிட்டது, அக்கரைக்குப் போகும் கப்பல் நின்றுவிட்டது, நம் தீவு டாக்டரும் ஸ்ப்ளிட்டிலேயே மாட்டிக்கொண்டார். அந்த மாத்திரை நாள் ஏற ஏறப் பலன் குறையுமாம்.

நானே போய்க் கேட்டேன். கடை நிறைய ஆள். என்னோடு மீன் பிடிக்க வரும் சீமே பின்னாலிருந்து, "என்னடா ஜெர்கோ, இந்த வயசுல உனக்கு எதுக்குடா அந்த மாத்திரை, வலையை ஒழுங்கா வீசு போதும்" என்றான், எல்லோரும் சிரித்தார்கள். மரியெத்தா சிரிக்கவில்லை. "அண்ணே, அதை நான் வாங்கி வைக்கிறதே இல்ல. என் கடை, என் மனசாட்சி. ஸ்ப்ளிட்டுல எல்லாக் கடையிலயும் கிடைக்கும்" என்றாள். "கப்பலே ஓடல, நீந்தியா போவா?" என்று கேட்டு, கருப்பைக் கதையை அத்தனை பேர் முன்னாலும் சொன்னேன். அவள் முகம் வெளுத்தது. "அவ நிலைமை இப்படின்னு முன்னாடியே தெரிஞ்சிருந்தா ஒண்ணாவது வாங்கி வச்சிருப்பேனே" என்றாள். அங்கேதான் எனக்கு ரத்தம் கொதித்தது. அப்படியென்றால் ஒவ்வொருத்தியும் வரிசையில் நின்று தன் வயிற்றைத் திறந்து காட்ட வேண்டும், இவள் பார்த்துப் போதுமா போதாதா என்று தீர்ப்புச் சொல்வாள், இதுதானா மனசாட்சி? சத்தம் போட்டேன். அவளும் அழுதாள். "கட்டாயப்படுத்தினா பூட்டிட்டுப் போயிடுவேன், உங்க பிரஷர் மாத்திரைக்கு எங்க போவீங்க?" என்றாள். அதுவும் உண்மைதான், இந்தத் தீவில் மருந்துக்கடை வைக்க வேறு யாரும் வரவில்லை, அவள்தான் வந்தாள், தோன்காவின் மூத்தவனுக்கு ஞானஸ்நானத்தில் ஞானத்தாயாகவும் நின்றாள். அவள் அந்த மாத்திரையை விழுங்க வேண்டாம், வேண்டுமானால் எங்களுக்காக ஜெபம் பண்ணட்டும். ஆனால் இருப்பது ஒரே கடை என்றால் அவள் 'இல்லை' என்பது ஊருக்கே இல்லை என்று ஆகிவிடுகிறதே, இதை ஏன் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை?

நான் மட்டும் படகில் போய் வாங்கி வந்துவிடலாம் என்றிருந்தேன். அக்கரைக் கடைக்குப் போன் பண்ணினால், விழுங்கப் போகிறவளே நேரில் வந்து கேள்விகளுக்குப் பதில் சொன்னால்தான் தருவார்களாம். ஆகவே தோன்காவும் வருகிறாள். காற்று கொஞ்சம் தணிந்த மாதிரி இருக்கிறது, அலை தணியவில்லை. வேண்டாம் என்றேன், "இங்க உக்காந்து சாகறதுக்கு அங்க போய்ப் பார்க்கலாம்பா" என்கிறாள். மரியெத்தாவே வாசலில் வந்து நின்று, "பிள்ளைங்களை என்கிட்ட விட்டுட்டுப் போங்க" என்றாள். வேறு யார் இருக்கிறார்கள், விட்டோம். தோன்கா அவள் முகத்தைப் பார்க்காமல் பால் புட்டியை மட்டும் கையில் கொடுத்தாள்.

இந்தக் கடிதத்தைச் சீமேயிடம் கொடுத்திருக்கிறேன், நாங்கள் திரும்பாவிட்டால் முதல் கப்பலில் அனுப்புவான். தேவமாதா உன்னைக் காக்கட்டும், உன் வீட்டில் எப்போதும் அடுப்பு எரியட்டும். ஒன்றை மட்டும் மறக்காதே மகளே, இது உன் கைக்கு வந்தால் உடனே புறப்பட்டு வா, பிள்ளைகளை மரியெத்தாவிடம் விட்டுவிடாதே.

உன் அப்பா,
ஜெர்கோ